பிளஞ்ச் ரூட்டரை வீட்டில் செய்த மேசைக்கு அடியில் மாட்டுவது: ஸ்பிரிங்கைக் கழற்றவா, விடவா?

மரத்தூள்

மேசை கட்டத் தொடங்குமுன் சில சந்தேகங்கள். மெஷின், மக்கிட்டா 3612 அமைப்பில் பல கம்பெனிகள் விற்கும் 12 மி.மீ. கோலட் (பிட்டின் காம்பைப் பிடிக்கும் வாய்) பிளஞ்ச் ரூட்டர்; சுற்றும் பிட்டால் மரத்தில் காடியும் ஓரமும் எடுப்பது, மோட்டார் உடல் இரண்டு தூண்களில் ஏறி இறங்கும். 1850 வாட், 22,000 ஆர்.பி.எம்., வேகத்தை மாற்றும் வசதி இல்லை, எடை 6 கிலோவை ஒட்டி. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 ஆக்கி, 800க்கு 550 அளவில் மேசைப் பலகை.

பலகையில் நேராகத் திருகலாமா, பலகையில் பதிக்கும் பிளேட் (ரூட்டரைத் தாங்கும் தகடு) வாங்கியே ஆக வேண்டுமா? ஸ்பிரிங்கைக் கழற்று என்கிறார்கள் சிலர், தொடாதே என்கிறார்கள் சிலர், எதைக் கேட்பது? பிட்டைக் கால் மி.மீ. கணக்கில் ஏற்றி இறக்க அடியில் என்ன ஏற்பாடு செய்யலாம்?

உளிச்சத்தம்

கேள்வி வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எப்படி ஏற்றி இறக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்பிரிங் வேண்டுமா, பிளேட்டில் எங்கே துளை, கால் சட்டத்தில் எங்கே குறுக்குக் கட்டை என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பலகையை முதலில் வெட்டினால், உயரத்தைப் பூட்டும் லாக் லீவர் கால் சட்டத்தில் முட்டுகிறது என்பது கடைசி நாளில்தான் தெரியவரும்.

கையில் பிடித்து ஓட்டும்போது ஸ்பிரிங் மோட்டாரை மேலே தூக்கும், எடை கீழே இழுக்கும்; இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும். கவிழ்த்துத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே பக்கம், தரையை நோக்கி. பிட்டை மேசைக்கு மேலே கொண்டுவர இரண்டையும் சேர்த்தே எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒரு கையால் தள்ளிப் பிடித்து மறு கையால் லீவரை இறுக்கும் அந்த நொடியில் அரை மி.மீ. நழுவத்தான் செய்யும். மேசை ரூட்டரில் அளவு நிற்கவில்லை என்று வரும் புகாரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

3612 அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. பேஸிலிருந்து (மெஷினின் அடித்தட்டு) கிளம்பி மோட்டார் உடலைத் தாண்டி வரும், மறை (திரெட்) வெட்டிய தண்டு ஒன்று, அதன் நுனியில் நைலான் நட் அல்லது குமிழ். உடல் எவ்வளவு தூரம் பேஸை விட்டு விலகலாம் என்பதற்கு அதுதான் எல்லை. கவிழ்த்து மாட்டியதும் உடலின் மொத்தப் பாரமும் அந்த நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். லாக்கைத் தளர்த்தி நட்டைத் திருகினால் உடல் பேஸை நோக்கி ஏறும், பிட் மேசைக்கு மேலே வரும். நட்டுக்குப் பதிலாக நீளமான கைப்பிடி ஒன்று செய்து மாட்டினால் உயரம் வைக்கும் ஏற்பாடு முடிந்தது.

கோவை_லேத்

அவர் சொன்னதுதாங்க எளிது. ரெண்டு விஷயம் சேர்த்துக்கங்க.

நட்டைக் கழட்டி கடைக்கே எடுத்துட்டுப் போங்க, மறை எதுன்னு போல்ட்டு போட்டுப் பார்த்து வாங்குங்க. எம்10ன்னு (10 மி.மீ. விட்ட மறை) நினைச்சு எம்10 வாங்கினா, மறைப் பிசகா இருந்தா ரெண்டு சுத்துல பிடிச்சுக்கும். கப்ளிங் நட்டு, அதாவது தண்டோட தண்டு இணைக்கற நீள நட்டு, ஒண்ணு வாங்கி, அதை ஒரு சதுரக் குழாய்க்குள்ள அடிச்சு, குழாய் மறுமுனையில குறுக்குக் கம்பி வெல்டு வெச்சா கைப்பிடி ரெடி. தண்டு உள்ள போக இடம் வேணும், அதனால குழாய் நீளம் தண்டு நீளத்தை விடக் கூடுதலா இருக்கட்டும்.

அடுத்தது மறையோட கணக்கு. எம்6 ஒரு சுத்துக்கு 1 மி.மீ., எம்8 1.25, எம்10 1.5, எம்12 1.75. எல்லாம் சாதாரண மறைக்கு. கால் மி.மீ. வேணும்னா எம்10ல ஆறுல ஒரு சுத்து. பிளைவுட் வட்டம் ஒண்ணு ஆறு கோடு போட்டுக் கைப்பிடியில மாட்டிருங்க, போதும்.

ஒரு குறை இருக்கு. தண்டு ஒரு பக்கத் தூணுக்குப் பக்கத்துல இருக்கறதால இழுப்பு ஓரத்துல விழும். உடம்பு கோணிக்கிட்டு மறுபக்கத் தூண்ல கடிக்கும், கொஞ்ச நேரம் அசையாது, அப்புறம் டக்குனு குதிக்கும். தூண் ரெண்டையும் துடைச்சு மெழுகு தேய்ச்சு வெச்சா முக்கால்வாசி சரியாகும். கிரீஸ் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். தூள் ஒட்டிக் கல்லு மாதிரி ஆகிடும்.

ஸ்பிரிங்கைக் கழட்டாதீங்க என்பது என் கட்சி. ஸ்பிரிங் எப்பவும் உடம்பை நட்டு மேல அழுத்திட்டே இருக்கும், ஆட்டமே இருக்காது. கைப்பிடி கொஞ்சம் கனமாத் திரும்பும், அவ்வளவுதான்.

ஸ்கார்பரோ_தச்சன்

அந்த ஒரு வரியில் எனக்கு உடன்பாடில்லை அண்ணை. 6 கிலோ எடையே ஆட்டத்தை எடுக்கப் போதும். ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பாரம் ஏத்தினால் மறை தேயும், கோணலும் கூடும். நீங்கள் சொன்ன கடிப்புக்குப் பாதிக் காரணமே ஸ்பிரிங்தான்.

மேசைக்கெண்டே யோசித்துச் செய்த ட்ரைட்டன் டி.ஆர்.ஏ.001 மெஷினில், மேசையில் மாட்டும்போது பிளஞ்ச் ஸ்பிரிங்கைக் கழட்டச் சொல்லியே கைப்புத்தகம் சொல்லுது. மேலிருந்து சாவி போட்டுச் சுத்தலாம், முழு உயரத்துக்கு ஏத்தினால் ஸ்பிண்டில் (கோலட்டைச் சுத்துற தண்டு) தானாகப் பூட்டும், சுவிட்ச் ஓஃபில் இல்லாவிட்டால் அந்த உயரத்துக்கு ஏறவே ஏறாது. உங்கட மெஷினில் இதெல்லாம் இல்லை. ஆனால் ஸ்பிரிங் விஷயத்தில் அதே நியாயம்தான்.

கழட்டுகிற நேரம் கவனமாயிருங்கோ. லாக்கைப் போட்டு வைத்துக்கொண்டு நட்டைக் கழட்டுங்கோ. பிறகு உடம்பை ஒரு கையால் அமத்திப் பிடிச்சபடி லாக்கை மெல்ல விடுங்கோ. ஸ்பிரிங் அநேகமாகத் தூணின் உள்ளுக்குள் இருக்கும், சில மெஷினில் ஒண்டு, சிலதில் இரண்டு. கண்ணாடி போடாமல் தொட வேண்டாம். கழட்டின ஸ்பிரிங்கைப் பையில் போட்டு மேசைக் காலிலேயே கட்டி விடுங்கோ. திரும்பக் கையில் பிடிச்சு ஓட்டுகிற நாளில் ஸ்பிரிங் இல்லாமல் ஓட்டக் கூடாது, பிட் தானாக மேலே திரும்பாது.

உளிச்சத்தம்

இரண்டு பேரும் சொல்வது அவரவர் ஏற்பாட்டுக்குச் சரி. நைலான் நட் இருக்கும் இடத்தில் கைப்பிடி போட்டு ஓரத்திலிருந்து இழுப்பதானால் ஸ்பிரிங்கைக் கழற்றுவது நல்லது. அடியில் குறுக்குக் கட்டை போட்டு, எம்10 தண்டை ஜாக்கி போல மோட்டாரின் நடு அச்சில் தள்ள வைப்பதானால் ஸ்பிரிங் இருக்கட்டும். அப்போது கோணல் வராது, ஸ்பிரிங் உடலைத் தண்டோடு ஒட்டி வைத்திருக்கும். எவ்வளவு பாரம் என்று தெரிய வேண்டுமானால், பிட் இல்லாமல் மெஷினை எடைத்தராசின் மேல் நிமிர்த்தி வைத்து, லாக்கைத் திறந்து, பாதி தூரம் அழுத்திப் பாருங்கள். தராசு காட்டும் கூடுதல் எடையோடு மோட்டார் உடலின் எடையை இரண்டு முறை கூட்டினால் கவிழ்ந்த நிலையில் தள்ள வேண்டிய பாரம் வரும். நிமிர்ந்திருக்கையில் உடலின் எடை நம் கைக்கு உதவுகிறது, கவிழ்ந்தால் எதிர்க்கிறது; இரண்டு முறை கூட்டுவது அதற்காகத்தான்.

ஜாக்கி முறையில் பலர் கவனிக்காத ஒன்று: இந்த மோட்டார்கள் காற்றை உள்ளிழுப்பது தலைப்பக்கத்திலிருந்து. கவிழ்த்தால் அது அடியில் வரும். தட்டையான கட்டையைக் கொண்டு தாங்கினால் காற்று வழி அடைபடும், பத்து நிமிடத்தில் உடல் சுடத் தொடங்கும். இரண்டு சட்டங்களை இடைவெளி விட்டு வைத்து, காற்றுத் துளைகளை ஒதுக்கி ஓரத்தில் மட்டும் தாங்குங்கள்.

எந்த ஏற்பாடானாலும் உயரம் வைத்ததும் லாக் லீவரை இறுக்கிவிட்டுத்தான் சுவிட்ச். நட்டு தாங்குகிறதே என்று லாக்கைத் திறந்து வைத்து ஓட்டினால், வெட்டும்போது பிட் உடலை மேலே இழுக்கும். நட்டு கீழே இறங்குவதைத்தான் தடுக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது.

மரத்தூள்

கைப்பிடி முறை, ஸ்பிரிங் இல்லாமல். முடிவு செய்துவிட்டேன். பேஸில் பிளாஸ்டிக் தகடு பிடித்திருக்கும் துளைகளில் மறை உள்ளவை சிறியவை. பிளேட் இல்லாமல் 36 மி.மீ. பலகையில் நேராகத் திருகினால் என்ன நட்டம்?

உளிச்சத்தம்

36 மி.மீ. ஆழம் நட்டம். பிட் மேசைக்கு மேலே தெரிய அந்தப் பலகை முழுவதையும் தாண்டி வர வேண்டும், கோலட் ஒருநாளும் மேலே வராது. அடியில் 10 மி.மீ. மிச்சம் வைத்துக் குடைந்தால், பிளைவுட்டின் அந்த மெல்லிய தோலில் 6 கிலோ தொங்கும். மழைக்காலத்தில் தொய்யும்.

பிளேட் என்றால் 300க்கு 235, 8 மி.மீ. அலுமினியம், நடுவில் மாற்றிப் போடும் வளையங்களோடு விற்பது சரியானது. கிடைக்காவிட்டால் ஹைலம் ஷீட் (பிசின் ஊட்டிய கடினத் தகடு) 10 மி.மீ. அக்ரிலிக் வேண்டாம், முதல் மாதம் தட்டையாக இருக்கும், பிறகு எடைக்கு நடுவில் குழியும். வாங்கும்போதே உருக்கு ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடு சற்று மேடாக இருந்தால் சமாளிக்கலாம், குழிவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழிந்த பிளேட்டில் நீளமான சட்டம் ஓட்டினால் இரண்டு முனையிலும் ஆழம் மாறும்.

கோவை_லேத்

திருகு விஷயம் சொல்றேங்க. பேஸ் அலுமினிய வார்ப்பு. திருகோட விட்டத்தைப் போல ஒண்ணரை மடங்கு மறை பிடிக்கணும். எம்5னா 8 மி.மீ. பிளேட்டு 8, மறைக்கு 8, ஆக 16 மி.மீ. கவுண்டர்சங்க் திருகு, அதாவது தலை பிளேட்டுக்குள்ள இறங்கற திருகு. கவுண்டர்சங்க் திருகை அளக்கறப்போ தலையும் சேர்த்துத்தான் நீளம். 20 போட்டா, துளை அடி மூடியிருந்தா நுனி போய் முட்டும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், பிளேட்டு பிடிச்சிருக்காது. கவுண்டர்சங்க் 90 டிகிரி பிட்டுல போடுங்க, தலை கால் மி.மீ. உள்ள போகட்டும். மரம் மேல உரசினா கோடு விழும்.

மறை ரெண்டு துளையில மட்டும்தான் இருக்குன்னா, வார்ப்பு தடிமனா இருக்கற இடமாப் பார்த்து இன்னும் ரெண்டு துளை போட்டு மறை வெட்டிக்கலாம். எம்5க்கு 4.2 துளை. தூணுக்கு நேர் கீழ மட்டும் போடாதீங்க. கடைசியா நீல நிற மறைப் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பின்னாடி சூடு காட்டித்தான் கழட்டணும். இந்த அதிர்வுக்கு வெறும் ஸ்பிரிங் வாஷர் நிக்காது.

பலகைவாசி

துளை குறிப்பதில் எல்லோரும் பிளாஸ்டிக் தகட்டையே அச்சாக வைத்துக் குறிக்கச் சொல்வார்கள். தகட்டின் நடுத்துளை ஸ்பிண்டிலுக்கு நேர் நடுவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், அரை மி.மீ. விலகல் சாதாரணம். கோலட்டில் 12 மி.மீ. உருண்டைக் கம்பியைப் பிடியுங்கள். பிளேட் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் பிளைவுட் வட்டம் ஒன்று வெட்டி, அதன் நடுவில் 12 மி.மீ. துளை போட்டுக் கம்பியில் இறக்குங்கள். இப்போது பிளேட் தானாக நடுவுக்கு வந்துவிடும். லீவரும் சுவிட்சும் உங்கள் பக்கம் பார்க்கும்படி பிளேட்டைச் சுழற்றி நிறுத்தி, அடியிலிருந்து பேஸ் துளை வழியாகக் குறியுங்கள்.

பலகையில் பிளேட்டுக்குப் படி எடுக்க: பிளேட்டை இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் நேர் சட்டங்களை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிச் சூழுங்கள், இடையில் ஒரு தபால் அட்டை தடிமன் விட்டு. பிளேட்டை எடுத்துவிட்டு, மேல் பேரிங் உள்ள பிட்டால் சட்டத்தைத் தொட்டபடி சுற்றி ஓட்டுங்கள். பிட்டின் விட்டம் பிளேட் மூலை ஆரத்தைப் போல இரண்டு மடங்கு, மூலை 9.5 ஆரம் என்றால் 19 மி.மீ. பிட். ஒரே தடவையில் வேண்டாம், 3 மி.மீ. ஆழமாக மூன்று தடவை. உட்காரும் படி 15 மி.மீ. அகலம் விட்டு, நடுவை ஜிக்சாவால் வெட்டி எடுங்கள். மிச்சம் வைக்க வேண்டிய படியை முன்னாடியே பென்சிலில் குறித்துவிடுங்கள். ஜிக்சா கையில் வந்த பிறகு யோசிக்க முடியாது.

படியின் ஆழம் பிளேட்டை விட 1 மி.மீ. கூடுதல். அதில் மூலைக்கு ஒன்று, நீளப் பக்கத்துக்கு நடுவில் ஒன்று என ஆறு தட்டைத் தலைத் திருகுகள். அவற்றை ஏற்றி இறக்கி மேசையோடு சமமாக்கலாம். நகத்தால் ஓரத்தைத் தடவினால் எந்தப் பக்கமும் தட்டக் கூடாது. மரம் நுழையும் வலப்பக்கத்தில் பிளேட் ஒரு முடி மேடாக இருந்தாலும் சட்டம் அங்கே முட்டி நிற்கும். மேடா குழியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமானால் நுழையும் பக்கம் பிளேட் குழி, வெளியேறும் பக்கம் பிளேட் மேடு என்று வரும்படி பாருங்கள்.

மைக்கா மேலே ஒட்டினால் அடியிலும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும்.

மின்கம்பி

சுவிட்சைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மெஷின்களில் விசையை அழுத்திப் பூட்டும் பொத்தான் இருக்கும். அதைப் பூட்டி வைத்து, சுவரில் உள்ள பிளக் பாயிண்டால் ஓட்டுவது எளிது, ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ரூட்டர் தானாக ஓடத் தொடங்கும். பிட்டுக்குப் பக்கத்தில் கை இருக்கலாம்.

230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் (காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, பச்சை, சிவப்புப் புஷ் பட்டன்கள். பச்சை அழுத்தினால் காயில் பிடிக்கும், கூடுதல் கான்டாக்ட் அதைப் பிடித்து வைக்கும், சிவப்பு அந்தப் பிடியை அறுக்கும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சையை அழுத்தாமல் ஓடாது. தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை செய்வதும் இப்படித்தான். 1850 வாட் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர். கிளம்பும்போது இன்னும் கூடும். 12 ஆம்பியர் கான்டாக்டர், 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. வயர். சிவப்புப் பட்டன் பெரிய குடை வடிவத்தில், முட்டியால் தட்டினாலே நிற்கும் உயரத்தில் முன்பக்கக் காலில். இதே வேலையைச் செய்யும், தயாராக விற்கும் என்.வி.ஆர். (நோ வோல்ட் ரிலீஸ்) சுவிட்ச் கிடைத்தால் இதையெல்லாம் கட்ட வேண்டாம்.

எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள சில ரூட்டர்கள், விசை ஆன் நிலையில் இருக்கும்போது வெளியிலிருந்து கரண்ட் வந்தால் ஓட மறுக்கும். அது பழுதில்லை, பாதுகாப்பு. அப்படிப்பட்ட மெஷினுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

பிட் மாற்றும்போது சிவப்புப் பட்டனை நம்பாமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

மரத்தூள்

பிளேட் மாட்டிப் பார்த்தாயிற்று. முழுதாக ஏற்றினாலும் கோலட் நட் பிளேட்டுக்கு 10 மி.மீ. கீழே நிற்கிறது, ஸ்பேனர் போகவில்லை. பிட்டைக் கோலட்டிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தால் ஆகாதா? இன்னொன்று, கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக்கும் பேனல் பிட் 80 மி.மீ. விட்டத்தில் மலிவாக வருகிறது, இதில் போடலாமா?

கோவை_லேத்

வெளிய இழுக்கவே கூடாதுங்க. ஷாங்க், அதாவது பிட்டோட காம்பு, 20 மி.மீ.க்கு மேல கோலட்டுக்குள்ள இருக்கணும். முழுசாத் தள்ளி அடியில முட்ட வெச்சு, அப்புறம் 2 மி.மீ. மேல இழுத்து இறுக்கணும். முட்டினபடியே இறுக்கினா சூடேறி நீண்டு கோலட் பிடி தளரும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒண்ணு. கடையில 'அரை இஞ்சு ஷாங்க்', '4 நூல் ஷாங்க்'னு கொடுக்கறது 12.7 மி.மீ. உங்க கோலட் 12. 12.7 பிட்டு 12 கோலட்ல போகாது, பிரச்சினையில்ல. தலைகீழா, 12.7 கோலட்ல 12 மி.மீ. பிட்டு போட்டா இறுகின மாதிரி இருக்கும், ஓட்டறப்போ மெல்ல மேல ஏறி வந்துரும். இதே கதை 6க்கும் 6.35க்கும். வெர்னியர் வெச்சு அளந்துட்டுப் போடுங்க, கடைக்காரர் வாய்ச்சொல் வேண்டாம்.

கோலட் மேல வராததுக்கு மொதல்ல பேஸ் உள்ள பாருங்க. டெப்த் ஸ்டாப் கம்பி (ஆழத்துக்கு எல்லை வெக்கறது) அடியில இருக்கற முட்டுல தட்டிட்டிருக்கும், அதை மேல தூக்கிக் கட்டினாலே சில மி.மீ. கிடைக்கும். அப்பவும் வரலைன்னா பிளேட்டை மெஷினோட தூக்கி வெளிய எடுத்து பிட்டு மாத்துங்க. வளைஞ்ச ஸ்பேனர் ரெண்டு வெச்சும் செய்யலாம். கோலட் எக்ஸ்டென்ஷன், அதாவது கோலட்டை நீட்டற துண்டு, கடைசி வழி. அதுல சின்ன ஆட்டம் இருந்தாலும் 22,000 சுத்துல பெருசாத் தெரியும்.

உளிச்சத்தம்

80 மி.மீ. பிட் இந்த மெஷினில் கூடவே கூடாது. 25 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓரத்தில் வினாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் ஓடும். 80 மி.மீ. பிட் அதே சுற்றில் 92 மீட்டர். அந்தப் பிட்களை 12,000க்குக் கீழேதான் ஓட்ட வேண்டும். அப்போதே 50 மீட்டர் வருகிறது. வேகம் மாற்ற முடியாத மெஷினுக்கு 25, அதிகம் போனால் 30 மி.மீ. விட்டம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பேனல் வேண்டுமென்றால் செங்குத்து பேனல் பிட் இருக்கிறது, விட்டம் சிறியது. பலகையை நிமிர்த்தி உயரமான ஃபென்ஸில் (மேசை மேல் நிற்கும் வழிகாட்டிச் சட்டம்) அணைத்து ஓட்ட வேண்டும்.

மரத்தூள்

வெளியே ஒரு ஸ்பீடு ரெகுலேட்டர் போட்டால்?

மின்கம்பி

உங்கள் மெஷினில் எலெக்ட்ரானிக்ஸ் இல்லாததால் ஓடும். ஆனால் அந்த ரெகுலேட்டர் வேகத்தைப் பிடித்து வைக்காது. மரம் தொட்டதும் சுற்று விழும், விட்டதும் ஏறும். அதை நம்பி 80 மி.மீ. பிட் போட்டு, ரெகுலேட்டர் பழுதானால் முழு 22,000க்குப் போய்விடும். ஃபேன் ரெகுலேட்டரை நினைக்கவே வேண்டாம், 8 ஆம்பியருக்கு அது எரிந்துவிடும்.

பலகைவாசி

ஃபென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது மேசை ஓரத்துக்கு இணையாக இருக்கத் தேவையில்லை, பிட் உருண்டை. ஒரு முனையைப் போல்ட்டில் நிறுத்தி மறு முனையை நகர்த்தி கிளாம்ப் போட்டால் போதும்; நகர்த்திய தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் பிட்டுக்கு நேரே நகரும், நுணுக்கமாக வைக்க வசதி. மேசைக்கு மூலைமட்டம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

கவிழ்த்ததால் பிட் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். மரத்தை வலமிருந்து இடமாக மட்டும் தள்ளுங்கள். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மரத்தை நுழைக்கவே கூடாது. பறித்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அடிக்கும். ஃபென்ஸ் இல்லாமல் பேரிங் பிட்டால் வளைவு ஓட்டும்போது பிளேட்டில் நிறுத்தும் முள் அவசியம். மரத்தை முதலில் முள்ளில் சாய்த்து, பிறகு பிட்டில் தொட வேண்டும்.

தூள் இழுக்க வேக்குவம் குழாயை ஃபென்ஸின் பின்னால் வைத்தால் ஓர வேலைக்குப் போதும். காடி எடுக்கும்போது தூள் அடியில்தான் கொட்டும், அதற்கு அடியிலும் ஒரு குழாய் வேண்டும். அடியைப் பெட்டி போட்டு மூடுவதானால் கதவில் காற்றுத் துளை விடுங்கள். மலை வேம்பு, ரப்பர் மரம் போன்றவற்றின் மெல்லிய தூள் தூண்களின் புஷ்ஷுக்குள் போய்த்தான் முதலில் பிடிக்கும். கைப்பிடி கனமாகத் திரும்பத் தொடங்கினால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள். உடலை உருவி எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகு தேய்த்து மாட்டுங்கள்.